மீன் தொட்டிக்கும் ஒரு பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கும் மாணவர்கள், ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 'அகஸ்' என்றொரு சொல்லும் அதனை அடுத்து இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருக்கக்கூடும். பெரும்பாலோர் ராகு காலத்தையும் முகூர்த்தத்தையும் பார்த்துவிட்டு அதனைத் தாண்டிப் போய்விடுவர். அன்றைய பகற்பொழுது எத்தனை நாழிகை, எத்தனை விநாழிகை நீளும் என்பதையே அந்த எண்கள் கூறுகின்றன. ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். எங்கள் ஜோலார்பேட்டையில் ஆனி மாதத் தொடக்கத்தில் பகல் ஏறத்தாழ 32 நாழிகையும், மார்கழித் தொடக்கத்தில் ஏறத்தாழ 28½ நாழிகையும் நீடிக்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சோதிடமன்று. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன்களுக்கு, பருவத்தை ஒட்டித் தானே எரிந்து தானே அணையும் விளக்கொன்றை அமைப்பது எப்படி, அதற்கு எந்த ஊர்ச் சூரியனைக் கணக்காகக் கொள்வது என்பதே பொருள். ஆயினும் நமக்கு வேண்டிய கணக்கு அந்த அகஸ்தான்.

கூடத்து மூலையில் இருக்கும் தொட்டிக்குச் சூரிய வெளிச்சம் எட்டுவதில்லை. ஆகவே அதன்மேல் தொங்கும் விளக்கே அதற்குச் சூரியன். அந்தச் சூரியன் எப்போது உதிக்கிறது? வீட்டில் யாருக்கேனும் நினைவு வரும்போது உதிக்கிறது. எப்போது மறைகிறது? கடைசி ஆள் படுக்கப் போகும்போது மறைகிறது. எங்கள் ஊர் ரயில்வே சந்திப்பு. வண்டிகளின் நேரத்தை ஒட்டியே உண்டு உறங்கும் குடும்பங்கள் இங்கே மிகுதி. வேலைமுறை மாறி நள்ளிரவு 2 மணிக்கு ஒருவர் வீடு திரும்பினால், கூடத்தில் விளக்கு எரியும். தொட்டியிலும் அப்போது ஒரு பொழுது விடிந்துவிடும். நமக்குக் கண்ணிமை உண்டு. போர்த்திக்கொண்டு புரண்டு படுக்கலாம். மீனுக்கு மூடும் இமையில்லை.

நான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி இருந்தது. சனி, ஞாயிறு இரு நாட்களும் கதவும் சன்னலும் அடைத்துக் கிடக்கும். திங்கட்கிழமை காலையில் உதவியாளர் வந்து விளக்கைப் போட்ட அக்கணமே, மீன்கள் வெறிபிடித்தவைபோல் பாய்ந்து கண்ணாடியில் மோதிக்கொள்வதை மாணவர்கள் பலமுறை கண்டனர். "ஐயா, அவை ஏன் பயப்படுகின்றன?" என்று ஒரு சிறுவன் கேட்டான். கேள்வி சிறியது, விடை சற்றே நீளமானது.

நம் கண்ணில் வெளிச்சம் மிகுந்தால் பாவை சுருங்கும், குறைந்தால் விரியும். பெரும்பாலான எலும்பு மீன்களின் கண்ணில் இந்த ஏற்பாடு இல்லை. அதற்குப் பதிலாக, விழித்திரையில் உள்ள ஒளியுணர் உயிரணுக்களே இடம்பெயர்கின்றன. இருட்டில் பயன்படும் கோலணுக்கள் ஒளி ஏற ஏறப் பின்வாங்கி நிறத்திரைக்குள் ஒளிந்துகொள்ளும். பகலில் பயன்படும் கூம்பணுக்கள் முன்னே வரும். இந்த இடமாற்றம் முற்றுப்பெற அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆறும் குளமும் அந்த அவகாசத்தை விடியற்பொழுதாக மீனுக்குக் கொடுக்கின்றன. சுவரில் உள்ள சுவிட்சு கொடுப்பதில்லை.

மீன் ஒளியைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை என்பது இன்னும் வியப்பானது. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃப்ரிஷ், 1911இல் ஐரோப்பிய ஓடைமீன் ஒன்றைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். பார்வையிழந்த மீனின் தலைமேல் ஒளி பட்டபோதும் அதன் உடல் நிறம் மாறிற்று. ஆகவே மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் உறுப்பு உண்டு என்று அவர் முடிவு கட்டினார். இன்று நாம் பினியல் சுரப்பி என்று அழைக்கும் சிறு உறுப்பு, மெல்லிய மண்டையோட்டின் ஊடே புகும் ஒளியை மீன்களில் நேரே உணர்கிறது. இருள் சூழ்ந்ததும் அது மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கும். ஒளி வந்ததும் சுரப்பு அடங்கும். இரவு நீண்டால் சுரப்பும் நீளும். இவ்வாறு ஒவ்வோர் இரவின் நீளமும் அந்தச் சிற்றுயிரின் உடலுக்குள் பதிவாகின்றது. நள்ளிரவில் எரியும் விளக்கு அந்தப் பதிவேட்டில் மை கொட்டுகிறது.

உயிர்களுக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதை நம் நாட்டில் ஆழ்ந்து ஆராய்ந்தவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகே ஒளி புகாத குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் நோக்கினர். வெளியே பொழுது சாய்ந்ததைக் காண இயலாத இடத்தில் அடைத்துவைத்த வௌவால்களும், உரிய வேளையில் விழித்துப் பறக்க முற்பட்டன. கூட்டத்தார் போய்வரும் அரவமே அவற்றின் உள்கடிகாரத்தைத் திருத்தி வைத்தது. தனியே வேறொரு குகையில் வைத்த வௌவாலின் கடிகாரம் நாளுக்குநாள் சிறிது சிறிதாக விலகிப்போயிற்று. கடிகாரம் உள்ளே இருப்பினும், அதற்குச் சாவி கொடுத்துச் சரிசெய்ய வெளியிலிருந்து ஒரு குறிப்பு நாள்தோறும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. தொட்டி மீனுக்கு அந்தக் குறிப்பு நாம் ஏற்றும் விளக்கு.

நாள் கணக்குப் போலவே ஆண்டுக் கணக்கையும் உயிர்கள் ஒளியைக்கொண்டு அறிகின்றன. 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலைச் செடியில் இதனைக் கண்டு வெளியிட்டனர். அந்தச் செடி பூப்பது உரத்தாலோ ஈரத்தாலோ அன்று, பகல் குறுகுவதால் என்று அவர்கள் காட்டினர். இன்று ஒசூர்ப் பக்கத்துச் சாமந்தித் தோட்டங்களில் இரவில் வரிசை வரிசையாக விளக்கு எரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். சாமந்தி நெடிய இரவு வந்தால்தான் மொட்டு விடும். செடி உயரும்வரை இரவை விளக்கால் உடைத்து வைப்பர். பின்பு விளக்கை நிறுத்திப் பூக்க விடுவர். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டைக் கோழிகளுக்குச் செயற்கை ஒளியைச் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி வரை வெளிச்சம் தருவதும் இதே காரணத்தால்தான். நார்வே நாட்டில் சால்மன் மீன் வளர்ப்போர், மீன் காலத்துக்கு முன் பருவம் எய்தி வளர்ச்சி குன்றாதிருக்கக் குளிர்காலம் முழுதும் கூண்டுகளில் விளக்கெரிப்பர்.

இவற்றையெல்லாம் படித்த ஒருவர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும். கோடையில் 16 மணி நேரம், குளிர்காலத்தில் 8 மணி நேரம் என்று தொட்டி விளக்கை வைத்துவிட்டால் பருவம் வந்துவிடும் என்பதே அம்முடிவு. மீன் வளர்ப்பைப் பற்றிய மேனாட்டு நூல்கள் சிலவற்றில் அத்தகைய அட்டவணைகள் உண்டு. இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும்.

அந்த அட்டவணை எந்த ஊர்ச் சூரியனுக்கு உரியது? ஜெர்மனியில் பெர்லின் நகரம் 52½ டிகிரி அட்சரேகையில் உள்ளது. அங்கே மிக நீண்ட பகல் 16 மணி 50 நிமிட அளவு. மிகக் குறுகிய பகல் 7 மணி 40 நிமிட அளவு. இடையே 9 மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. டெல்லியில் இந்த வேறுபாடு 3 மணி 40 நிமிடத்தை நெருங்கும். ஜோலார்பேட்டையோ 12½ டிகிரியைச் சற்றே தாண்டிய ஊர். இங்கே ஜூன் மாதத்தின் நீண்ட பகல் 12 மணி 52 நிமிடம். டிசம்பரின் குறுகிய பகல் 11 மணி 23 நிமிடம். ஆண்டு முழுதும் சேர்த்து வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. நாளுக்கு நாள் மாறுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பெர்லின் அட்டவணையைக் கொண்டு நம் ஊர் மீனுக்குப் பருவம் காட்டுவது, நம் ஊர்க் குழந்தைக்குத் தை மாதத்தில் கம்பளிக் கோட்டு மாட்டிவிடுவது போன்றதே.

மற்றொரு கருத்து எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஐ. சுந்தரராஜும் அவருடைய குழுவினரும் 1960களிலும் 1970களிலும் தேளி மீனை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். வட இந்தியாவில் அம்மீன் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முட்டையிடும். பகலைச் செயற்கையாக நீட்டினால் அதன் சினைப்பை காலத்துக்கு முன்பே வளரத் தொடங்கியது. ஆனால் நீர் போதிய வெப்பமாக இருந்தால், பகல் குறுகியிருந்தும் சினை வளர்ந்தது. ஒளி ஒரு குறிப்பு. வெப்பம் அதனினும் வலிய குறிப்பு. வடக்கே பகல் நீண்டு, வெயில் ஏறி, ஜூன் இறுதியில் மழை வருகிறது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் நடக்கின்றன.

எங்கள் பக்கம் அப்படியா? தென்மேற்குப் பருவமழையும் எங்களுக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை விட்டுவிட்டு மழை. அதாவது, ஏரியும் ஓடையும் நிறையும் காலம் முழுதும் இங்கே பகல் குறைந்துகொண்டே வருகிறது! 'பகல் நீண்டால் முட்டையிடு' என்ற விதியை மட்டும் நம்பியிருக்கும் மீன், எங்கள் ஏரியில் தன் குஞ்சுகளைச் சித்திரை வைகாசியின் வற்றிய சேற்றில் விட நேரும். இங்குள்ள மீனுக்கு மழைதான் பெரிய பஞ்சாங்கம். புதுநீர் வந்து கலத்தல், வெப்பம் சட்டென்று தணிதல், நீரோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலொழியப் பல மீன்கள் அசையா. நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்தில் சினை முற்றி நின்றும் முட்டையிடாமலே போவதை மீன்வளத்துறையினர் நெடுநாள் கண்டு வருந்தினர். ஹீராலால் சௌத்ரி 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் அங்குல் என்னுமிடத்தில், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். வெள்ளம் சொல்லவேண்டிய செய்தியை ஊசி சொல்லிற்று. அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆதலால் தொட்டி விளக்கைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் இதுவே: நாள் தவறாத ஒழுங்கு முதலில் வரட்டும், பருவ வேறுபாடு அதற்கு அடுத்தபடி வரட்டும், அதுவும் நம் ஊர்ப் பருவமாக இருக்கட்டும். நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிக்கு உரியதாயிற்றே, அதற்கு நம் ஊர்க் கணக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய அந்தக் காட்டு ஓடைகளில் பகல் ஆண்டு முழுதும் 12 மணியை ஒட்டியே நிற்கும். நம் கணக்கு அதற்கு வெகு தொலைவில் இல்லை. கப்பி மீனின் தாயகங்களுள் ஒன்றான டிரினிடாட் தீவு 10½ டிகிரியில் உள்ளது. ஏறக்குறைய நம் அட்சரேகைதான். தங்க மீன் மட்டும் சீனத்துக் குளிர்ப் பருவங்களைக் கண்ட குலத்தில் வந்தது. இவையன்றி மற்றொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் நாம் வாங்கும் அலங்கார மீன்களுள் பெரும்பகுதி சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தொட்டிகளில் பொரித்து வளர்ந்தவை. முப்பாட்டன் எந்நாட்டவனாயினும், பிறந்தது 13 டிகிரிச் சூரியனின் கீழேதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளியில் சைன் அட்டவணை படித்தவர் எவரும் இதனைச் செய்யலாம். ஜனவரி முதல் நாளை 1 என்று கொண்டு, இன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். அதிலிருந்து 80ஐக் கழியுங்கள். மார்ச் 21ஆம் நாள் இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாவதால் அங்கிருந்து தொடங்குகிறோம். மீதியை 360ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். அக்கோணத்தின் சைன் மதிப்பை 45 நிமிடத்தால் பெருக்கி, 12 மணி 8 நிமிடத்தோடு கூட்டினால் ஜோலார்பேட்டையின் பகல் நீளம் வரும். உதாரணமாக ஆகஸ்டு 15 ஆண்டின் 227ஆவது நாள். 80 போக 147. கோணம் 145 டிகிரி. அதன் சைன் 0.57. நாற்பத்தைந்தால் பெருக்கினால் ஏறத்தாழ 26 நிமிடம். ஆக 12 மணி 34 நிமிடம். நுணுக்கமான வானியல் கணக்கோடு இது ஓரிரு நிமிடமே வேறுபடும். மீன் அதற்காக வழக்குத் தொடுக்கப்போவதில்லை. கோணம் குறை எண்ணாக வந்தால் சைனும் குறை எண்ணாகும். அப்போது கூட்டல் தானே கழித்தலாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் 45க்குப் பதிலாக 34 என்றும், கன்னியாகுமரியில் இருப்பவர் 28 என்றும் கொள்ளட்டும். பன்னிரண்டு மணியோடு 8 நிமிடம் ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு தோன்றுவதையே உதயம் என்கிறோம். அன்றியும் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, தொடுவானத்துக்குக் கீழே உள்ள சூரியனையும் நமக்குச் சற்று முன்பே காட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கை நாள்தோறும் நாமே போட்டுச் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். கடைகளில் விற்கும் எளிய வகை, சுற்றிலும் பற்கள் உடைய வட்டத் தட்டுக் கொண்ட நேரச் சுவிட்சு. வேண்டிய பற்களை அழுத்தி வைத்தால் அந்தந்த நேரத்தில் விளக்கு எரியும், அணையும். ஒரு பல்லுக்குக் கால்மணி நேரம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, தேவையானபோது ஒரு பல்லை மாற்றினால் பருவமும் ஒருவாறு வந்துவிடும். ஆயின் இதற்கு ஒரு பெருங்குறை உண்டு. அதன் தட்டை மின்சார மோட்டார் சுழற்றுகிறது. மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் தட்டும் இரண்டு மணி நேரம் நிற்கும். அன்றுமுதல் தொட்டியின் பொழுது இரண்டு மணி பின்தங்கிவிடும். மின்தடை அறியாத ஊர்க்காரர் இதனை வாங்கட்டும்! தெரு விளக்குகளுக்கு இக்காலத்தில் பொருத்தும் வானியல் நேரச் சுவிட்சு மேலானது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் ஒருமுறை பதித்துவிட்டால் நாள்தோறும் உதயாஸ்தமனத்தைத் தானே கணிக்கும்.

கல்லூரி மாணவர்கள் தாமே செய்துபார்க்க விரும்பினால் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை ஏற்றது. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது அது. அதனோடு டி.எஸ். 3231 என்ற கடிகாரச் சில்லு ஒன்றை இணைக்க வேண்டும். நாணய வடிவான சிறு பாட்டரி அதற்கு உயிர் கொடுப்பதால், மின்சாரம் போயினும் அது மணியையும் நாளையும் மறவாது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகும். இரவு 11 மணிக்கு மின்சாரம் திரும்பி வரும்போது, 'இப்போது இரவு' என்று அறிந்து விளக்கை ஏற்றாதிருப்பதே இக்கருவியின் முதற்சிறப்பு. மேற்சொன்ன சைன் கணக்கை நிரலில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அப்பலகை கோணத்தை டிகிரியில் கேளாது, ரேடியனில் கேட்கும்.

விடியலைக் காட்டுவது எப்படி? 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. விளக்குப் பட்டையை, வினாடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைத்தால் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகவே தோன்றும். ஏற்றிய நேரம் மிகுந்தால் பிரகாசம் மிகும், குறைந்தால் மங்கும். விளக்குக்கும் பலகைக்கும் நடுவே மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் காவலாளிபோல் நின்று இதனைச் செய்யும். பிரகாசத்தைச் சம அளவாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கண் விகிதத்தையே உணர்கிறது. ஆகவே 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்வதுதான் விடியலைப் போன்றிருக்கும். எவ்வளவு நேரம்? நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால், விடிவெள்ளொளி பரவிச் சூரியன் தலைகாட்ட 22 நிமிடம் போல ஆகிறது. ஐரோப்பாவில் அது நெடுநேரம் நீடிக்கும். நமக்கு 25 நிமிட விடியலும் 25 நிமிட அந்தியும் போதும்.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. 12 மணிக்கு மேல் முழுப் பிரகாசத்தோடு விளக்கெரித்தால், சில வாரங்களில் கண்ணாடியெங்கும் பாசி படர்ந்துவிடும். பாசிக்கு அஞ்சி 8 மணி நேரத்தில் அணைத்தால் மீனுக்குப் பகல் குறுகிவிடும். இரண்டையும் ஒப்புக்கொள்ளச் செய்யும் வழி எளிது. மீனின் பினியல் சுரப்பிக்கு மங்கிய ஒளியும் பகலே. பாசிக்கோ மிகுந்த ஒளி வேண்டும். ஆகவே காலையிலும் மாலையிலும் மங்கலான ஒளியும், நடுவே 7 அல்லது 8 மணி நேரம் முழு ஒளியும் வையுங்கள். பருவத்துக்கேற்ப நீள்வதும் குறைவதும் அந்த மங்கிய ஓரங்களாக இருக்கட்டும்.

உதய நேரத்தையே அப்படியே பின்பற்ற வேண்டுமா என்பது அடுத்த ஐயம். மார்கழியில் பகல் மிகக் குறுகியது என்றாலும், இங்கே சூரியன் மிகத் தாமதமாக எழுவது தை மாத நடுவில்; அப்போது காலை மணி 6-42. மிக விரைவில் மறைவது கார்த்திகைத் தொடக்கத்தில். அப்போது மாலை மணி 5-47. உண்மை நண்பகலே ஆண்டில் ஏறத்தாழ அரைமணி நேரம் முன்னும் பின்னும் அசைவதால் இவ்விசித்திரம் விளைகிறது. மீனுக்கு இந்த நுட்பம் வேண்டாம். பகலின் நடுப்புள்ளியை ஒரு மணியில் நிலையாக நிறுத்தி, இருபுறமும் சமமாக நீட்டிச் சுருக்கினால் போதும். சன்னல் வெளிச்சம் விழும் அறையாயின் அந்நடுப்புள்ளி பகல் 12-15ஆக இருப்பதே முறை. வெளிச்சம் புகாத அறையாயின் பிற்பகல் 2 மணி என்று வைத்துக்கொண்டு, இரவு எட்டரை வரை குடும்பத்தார் மீனைக் கண்டு மகிழலாம். மீனுக்கு மணி தெரியாது. நீளமும் ஒழுங்குமே தெரியும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கூடத்துக் குழல்விளக்கை நள்ளிரவு வரை எரியவிட்டால் பயனில்லை. தொலைக்காட்சியின் நீல ஒளியும் அப்படியே. அந்தி முடிந்ததும் தொட்டியின்மீது கறுப்புத் துணியொன்றைத் திரையாகத் தொங்கவிடுங்கள். காற்றுப் புக மேலே இடம் இருக்கட்டும். 'நிலா விளக்கு' என்று இரவெல்லாம் எரியும் நீல விளக்குகளை விற்கிறார்கள். மாதத்தில் முப்பது நாளும் பௌர்ணமியாக இருக்கும் உலகம் எங்கும் இல்லை. அதனை வாங்க வேண்டாம். இருளுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஜவ்வாது மலையில், ஏறக்குறைய எங்கள் அட்சரேகையிலேயே உள்ள காவலூரை, வைணு பாப்பு வானாராய்ச்சிக்குத் தேர்ந்ததற்கு அங்குள்ள இருண்ட இரவு ஒரு காரணம். 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அந்த இருளை நம்பியே விண்மீன்களைப் பார்க்கிறது.

மழையை மட்டும் கருவியிடம் விடாமல் கையால் செய்யலாம். ஆடியிலும் ஐப்பசியிலும் சில வாரங்கள், தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரை மாலையில் மெல்ல ஊற்றுங்கள். மாடியில் பிடித்த சுத்தமான மழைநீரைச் சேர்ப்பது இன்னும் நல்லது. பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடப்பதை இப்பக்கத்தார் அறிவர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. ஆனால் மண்ணில் ஊறிய உப்பு தீர்ப்பைக் கேட்டு உடனே வெளியேறிவிடாது. தம் ஊர் ஆற்றில் மீன் துள்ளக் கண்டறியாத பிள்ளைகள் இங்கே பலர் உள்ளனர். நாட்டு மீனினம் ஒன்றையேனும் வீட்டில் வைத்து அதன் பருவத்தை அறிந்துகொள்ளுமாறு நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தொடக்கக்காரருக்கு ஏற்றது ஜீப்ரா டேனியோ என்னும் வரிமீன். 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை நதி மீன்களைப் பற்றிய தம் நூலில் விவரித்த இச்சிறு மீன், இன்று உலகெங்குமுள்ள ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்கிறது. அங்கெல்லாம் 14 மணி ஒளி, 10 மணி இருள் என்று ஆண்டு முழுதும் ஒரே அளவாக வைத்து, வேண்டியபோதெல்லாம் முட்டை பெறுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது முட்டை, பருவமன்று. நீங்கள் நம் ஊர்ப் பகலைக் கொடுத்து, எந்த மாதத்தில் மிகுதியாக முட்டையிடுகிறது என்று பாருங்கள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை ஓரடுக்காகப் பரப்பிவிட்டால், முட்டைகள் இடுக்கில் விழுந்து தாய் தந்தையரின் வாய்க்குத் தப்பும். விடியல் விளக்கு ஏறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆண்மீன் பெண்மீனைத் துரத்தும். அந்நேரம் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அருகில் அமர்ந்து, நாள், பகல் நீளம், நீரின் வெப்பம், முந்தின நாள் புதுநீர் ஊற்றினீர்களா என்பது, கண்ட முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாருங்கள். விளக்குப் பட்டையின் மின்மாற்றியைத் தொட்டியைவிட உயரமான இடத்தில் வையுங்கள். வயர் சற்றே கீழே தொங்கிப் பின் மேலேறிச் சுவிட்சுப் பலகைக்குப் போகட்டும். வயர் வழியே வழியும் நீர் அத்தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், மின்சாரத்தை எட்டாது.